பாலம் ஆன வீடு

மெத்தை தைத்து விற்கும் மெத்தைக்காரம்மாவின் மொட்டைமாடியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. பெரிய பெட்டி தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்திலிருந்து இணையத்தை வாங்கிக் கீழ்த்தெரு முழுவதற்கும் அனுப்பியது. சின்னப் பெட்டி அதில் ஒரு கை அள்ளி அவள் வீட்டுக்குள் இறக்கியது. மழைக்காலத்தின் முதல் இடி விழுந்த அன்று சின்னப் பெட்டி செத்துப்போனது. பெரியதற்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே தெருவில் எல்லோருக்கும் இணையம் வந்தது, அதைத் தலையில் சுமந்த வீட்டைத் தவிர.

அந்தப் பேட்டையில் முன்பு ஒரு கம்பெனியின் கேபிள் இருந்தது. கம்பெனிக்காரர்கள் நினைத்தபோது கட்டணத்தை ஏற்றினார்கள். போன் செய்தால் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்தால் மறுபடி அதே பாட்டைப் போட்டார்கள். பொறுத்துப் பார்த்த ஜனங்கள் ஒரு நாள் கூடிப் பேசி, கம்பெனியை விரட்டிவிட்டுத் தாங்களே ஒரு இணையத்தை அமைத்துக்கொண்டார்கள். அதற்கு ‘நம் வலை’ என்று பெயர். கூரைக்குக் கூரை ஆன்டெனா வைத்து, ஒரு வீடு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது. லாபம் இல்லை, விளம்பரம் இல்லை, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று வேவு பார்ப்பவர் இல்லை. நல்ல காரியம்தான். அதே சூட்டில் போராடி செல்போன் கோபுரத்தையும் அகற்றினார்கள். அதற்குப் பிறகு பேட்டையில் செல்போனில் பேச்சு மட்டும் திக்கித் திக்கி வந்தது, படம் வராது.

மேட்டில் இருந்ததால் மெத்தைக்காரம்மாவின் வீடுதான் எல்லாவற்றிலும் உயரம். மாடியைக் கேட்டார்கள், கொடுத்தாள். மின்சாரத்தையும் கேட்டார்கள், சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துக்கொள்ளச் சொன்னாள். திறப்பு விழாவில் “இந்த வீடு வெறும் வீடு இல்லை, பாலம்” என்று ஒருவர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பாலம் என்றால் என்னவென்று அன்றைக்கு அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. எல்லோரும் மேலே நடந்து போவார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

இணையத்தில் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். தம்பியைப் பார்ப்பது.

தம்பி கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் வந்து, முதலில் விரல் போனது, பிறகு கை, கால், கடைசியாக நாக்கு. ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுத்திருந்தான். அங்கே போய்விட அவள் இரண்டு முறை விசா கேட்டாள், இரண்டு முறையும் இல்லை என்றார்கள். இல்லத்தில் இருந்த நர்ஸ் நம் மொழிக்காரிதான், தங்கமான பெண். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது இப்போது மொழி இல்லை, முனகல்.

அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட். பகலில் ஒரே அறையில் அவர் தூங்குவார், இவர்கள் சத்தமில்லாமல் விளையாட வேண்டும். உதட்டை மட்டும் அசைத்துச் சண்டை போட்டு, உதட்டை மட்டும் அசைத்துக் கெட்ட வார்த்தை சொல்லி வளர்ந்தவர்கள். அதனால் தினமும் சாயங்காலம் நர்ஸ் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடிப்பாள், இவள் இங்கிருந்து மொழிபெயர்ப்பாள்.

“தண்ணி கேக்கறாரா அக்கா?”

“இல்லம்மா. பக்கத்துக் கட்டில்காரர் டிவியை அணைக்கணுமாம். அந்தப் பாட்டைக் கேக்கறதுக்கு இந்த நோயே தேவலையாம்.”

தம்பியின் கண்கள் சிரிக்கும். நர்ஸ் எழுந்துபோய் டிவியை அணைப்பாள்.

சின்னப் பெட்டி செத்த மறுநாள் மெத்தைக்காரம்மா நம் வலையின் அலுவலகத்துக்குப் போனாள். கம்பெனி காலி செய்துவிட்டுப் போன அதே கடைதான். பெயர்ப்பலகையைச் சுரண்டிவிட்டு மேலே புதுப் பெயர் எழுதியிருந்தார்கள். உள்ளே ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்திருந்தார். நம் வலையில் தலைவர் என்று யாரும் கிடையாது. அதை முடிவு செய்தவரும் அவர்தான்.

“தம்பி, ஒரு புகார் கொடுக்கணும்,” என்றாள்.

ஒருங்கிணைப்பாளர் பரிவோடு சிரித்தார். “இங்க புகார்னு ஒண்ணு கிடையாதுக்கா. கம்பெனிகிட்டதான் புகார் கொடுப்பாங்க. இங்க நீங்கதான் முதலாளி. உங்களைப் பத்தி நீங்களே எப்படிப் புகார் கொடுப்பீங்க?”

அவள் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. “சரி. அப்போ முதலாளி சொல்றேன், பெட்டியை மாத்திக் குடுங்க.”

“உத்தரவு போடறது கம்பெனி முதலாளியோட குணம்க்கா. நம்ம முதலாளிங்க உத்தரவு போடமாட்டாங்க. பகிர்ந்துக்குவாங்க.”

பகிர்ந்துகொள்வதற்கு உள்ளறையில் செவிமடுப்பாளர் என்று ஒரு அம்மாள் இருந்தார். எதிரே உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தம்பியின் நோய், உதடு, நர்ஸ், இடி, பெட்டி என்று எல்லாவற்றையும் மெத்தைக்காரம்மா சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார்.

“கேட்டேன்,” என்றார்.

“எப்போம்மா சரியாகும்?”

“நான் பதில் சொல்றதில்லை. பதில் சொல்றது ஒரு அதிகாரம். கம்பெனியில பதில் சொல்வாங்க, கேக்கமாட்டாங்க. நாங்க கேப்போம்.”

“கேட்டுட்டு?”

செவிமடுப்பாளர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இதையும் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம்.

வெளியே வரும்போது சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி கண்ணில் பட்டது. அதற்குள் செத்துப்போன பெட்டியைப் போலவே ஒன்று, புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஒல்லியாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். பேட்டையின் எல்லாப் பெட்டிகளையும் ஆரம்பத்தில் மாட்டியவன் அவன்தான்.

“இது அதே பெட்டியாப்பா?”

“அதேதான்க்கா.”

“வந்து மாட்டிக் கொடேன். டீ போட்டுத் தரேன்.”

“டீ ஆறுறதுக்குள்ள மாட்டிடுவேன். அதான் சிக்கலே.” ஸ்பேனர் குரலைத் தாழ்த்தினான். “அறிவு ஒரே ஆள்கிட்டத் தேங்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்காங்க. எனக்குத் தெரியும்கறதால நான் தொடக் கூடாது. இந்த மாசம் பூக்கடைக்காரரும் பாட்டு டீச்சரும்தான் தொடணும். நான் பக்கத்துல நிக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது.”

“கையை வெளிய எடுக்கலாமா?”

“எடுக்கலாம். பாக்கெட்லயே வச்சிருந்து பழகிடுச்சு.”

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் சபை கூடியது. வரிசையாக உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் பெரியவர் என்றாகிவிடும் என்பதால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கூட்டம் அதிகமானதால் பின்னால் வந்தவர்கள் வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம் போட்டார்கள். வெளிவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்ட உணர்வு வருமே என்று உள்வட்டத்தில் ஒருவர் கவலைப்பட்டார். முதல் அரைமணி அந்தக் கவலையில் போனது.

நம் வலையில் ஓட்டு கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் நடக்காது. கம்பெனியில் ஒரே ஆள் எல்லோரையும் தடுப்பான், இங்கே யார் வேண்டுமானாலும் எல்லோரையும் தடுக்கலாம். அதுதான் வித்தியாசம் என்று ஒருங்கிணைப்பாளர் புதியவர்களுக்கு விளக்கினார்.

மெத்தைக்காரம்மாவின் விஷயம் வந்தது. “மேட்டு வீட்டில் பழுதான பெட்டி,” என்று படித்தார்கள்.

பல் டாக்டர் கையை உயர்த்தினார். “பழுதுங்கற வார்த்தை எனக்கு உறுத்துது. வேலை செய்யறது உசத்தி, வேலை செய்யாதது மட்டம்னு நாம எப்போ முடிவு பண்ணோம்? மனுஷங்களையும் நாளைக்கு இப்படித்தான் சொல்வோம்.”

அது ஆழமான கருத்து என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ‘செயலிழந்த’ என்று ஒருவர் சொல்ல, அது இன்னும் மோசம் என்றார் டாக்டர். கடைசியில் ‘ஓய்வில் இருக்கும் பெட்டி’ என்பதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். மெத்தைக்காரம்மாவும் ஆட்டினாள். விஷயம் முடிந்தது, இனி மாட்டிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பேராசிரியர் எழுந்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், பேச்சிலிருந்து ஓய்வு பெறாதவர். “அலமாரியில ஒரு புதுப் பெட்டி இருக்குங்கறது உண்மை. ஆனா அதைச் செஞ்சது யாரு? எந்தத் தொழிற்சாலை? அந்தத் தொழிலாளிக்கு என்ன கூலி? இது தெரியாம அதை ஒரு வீட்டுல மாட்டறது அந்த வீட்டுக்கே நாம செய்யற அவமானம்.”

“ஏற்கெனவே இருந்ததும் அதே பெட்டிதானேங்க,” என்றாள் மெத்தைக்காரம்மா.

“அப்போ நமக்கு விழிப்புணர்வு இல்லைம்மா.”

“மாடியில இன்னும் அந்தப் பெரிய பெட்டி ஓடுதே. அதுவும் அவங்க செஞ்சதுதானே?”

பேராசிரியர் அவளைப் பாராட்டினார். இப்படிப்பட்ட கேள்விகள்தான் இயக்கத்தை வளர்க்கும் என்றார். கேள்வியை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. பெரிய பெட்டி, குழு முடிவு சொல்லும்வரை, மனவருத்தத்தோடு ஓடலாம் என்று தீர்மானித்தார்கள். அதோடு நேரம் முடிந்தது. சொன்ன நேரத்தில் கூட்டத்தை முடிப்பது ஒருவருக்கொருவர் காட்டும் அக்கறை என்பதால் யாரும் மேலே பேசவில்லை.

அவள் கணவர் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவர். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்டார். “என்ன சொன்னாங்க?”

“பெட்டி ஓய்வெடுக்குதாம்.”

“எப்போ எழுந்திருக்குமாம்?”

“எல்லாரும் ஒத்துக்கிட்டா.”

அவர் துண்டால் காலைத் துடைத்தார். “எங்க லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கறவன் கத்துவான், நாங்க போய்த் திறந்து விடுவோம். வெளிய நிக்கறவன் ஒத்துக்கறானான்னு இதுவரைக்கும் கேட்டதில்ல.”

இரண்டு நாள் கழித்து நர்ஸ் போன் செய்தாள். தம்பி காலையிலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான், யாருக்கும் விளங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறது. போனை அவன் வாயருகே வைத்தாள். மெத்தைக்காரம்மா காதை அழுத்திக்கொண்டு கேட்டாள். முனகல்தான். “வலிக்குதாடா?” என்றாள். முனகல். “வலி இல்லையாடா?” என்றாள். அதே முனகல். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் உதட்டில்தான் வித்தியாசம் இருந்தது, குரலில் இல்லை.

தைத்துக்கொண்டிருந்த மெத்தையை அப்படியே போட்டுவிட்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே நம் வலையின் எல்லைக்கு வெளியே ஒரு கடையில் கம்பெனி இணையம் இருந்தது. பலகை வைத்துத் தடுத்த சிறு சிறு கூண்டுகள். கடைக்காரர் அவளிடம் தலையணை வாங்கியவர். மூலைக் கூண்டைக் கொடுத்தார்.

திரையில் தம்பியின் முகம் வந்ததும் அவன் கண் அகலமானது. உதடு அசைந்தது.

“குதிகால்,” என்றாள் அவள். “இடது குதிகால். போர்வையைத் தூக்கிப் பாரும்மா.”

நர்ஸ் தூக்கிப் பார்த்தாள். அடியில் தோல் கன்றிச் சிவந்து, பிளக்கத் தொடங்கியிருந்தது. மருந்து வைத்து, காலுக்கடியில் சுருட்டின துணியை முட்டுக் கொடுத்தாள். துணியை எப்படிச் சுருட்ட வேண்டும் என்று மெத்தைக்காரம்மா இங்கிருந்து சொன்னாள். தம்பி மறுபடி உதட்டை அசைத்தான்.

“என்ன சொல்றாரு?”

“இவ்வளவு நாளா எங்கேடி போய்த் தொலைஞ்சேன்னு கேக்கறான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டை விட்டு வெளியே வந்தாள். பக்கத்துக் கூண்டில் காதில் ஹெட்போனோடு பேராசிரியர் இருந்தார். திரையில் இரண்டு தடியர்கள் மல்யுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இருவர் பார்வையும் சந்தித்தது. அவள் வணக்கம் சொன்னாள்.

மறுவாரம் அவளுக்காக ‘மீட்பு வட்டம்’ கூட்டினார்கள். நம் வலையில் தண்டனை இல்லை, மீட்பு மட்டும்தான். பேராசிரியர்தான் தொடங்கினார். “நான் அங்க போனது எதிரியை ஆராய. ரெண்டு வருஷமா தினம் போய் ஆராயறேன். என்னை அது ஒண்ணும் பண்ணாது, ஏன்னா நான் கொள்கையோட போறேன். ஆனா இந்த அம்மா தேவைக்காகப் போயிருக்காங்க. தேவைக்காகப் போறவங்களைத்தான் கம்பெனி பிடிச்சுக்கும்.”

“என் தம்பி கால்ல புண்ணுங்க,” என்றாள்.

“பார்த்தீங்களா? எவ்வளவு நுணுக்கமாப் பிடிச்சிருக்கு,” என்றார் அவர்.

வட்டத்தின் நடுவே ஒரு காலி நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் நம் வலை உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்றும், அதனிடம் மனம் திறந்து பேச வேண்டும் என்றும் ஒருங்கிணைப்பாளர் சொன்னார். மெத்தைக்காரம்மா நாற்காலியைப் பார்த்தாள். பள்ளிக்கூட நாற்காலி, ஒரு கால் லேசாக ஆடியது. என்ன பேசுவதென்று தெரியவில்லை.

“நல்லா இருக்கியா?” என்று கேட்டாள்.

பலருக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பாட்டு டீச்சர் மூக்கை உறிஞ்சினார். இயக்கத்தைப் பார்த்து இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்கள். அந்த உருக்கத்தில், மீட்பு வட்டத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக, தடையின்றி ஒரு முடிவு எட்டப்பட்டது. பலவீனமானவர்களை இழுக்கும் அந்தக் கடையை மூடவைக்க வேண்டும்.

அவளுடைய பெட்டியைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. அவள் நினைவுபடுத்தினாள். அது வேறு வட்டம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போனது. மேளம் இருந்தது, பதாகைகள் இருந்தன. ‘எங்கள் அக்காவை விடு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அக்காவையும் வீட்டிலிருந்து அழைத்துவந்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். அவள் ஒருங்கிணைப்பாளரின் சட்டையைப் பிடித்து இழுத்து, கடையை மூடினால் தம்பியை எங்கிருந்து பார்ப்பது என்று கேட்டாள். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. உற்சாகமாகத் தலையாட்டினார்.

கடைக்காரர் படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஷட்டரை இழுத்தார். பாதி இறக்கியதும் குனிந்து அவளைப் பார்த்து, “நீங்களுமாம்மா?” என்றார். அவள் பதில் சொல்வதற்குள் ஷட்டர் தரையைத் தொட்டது. பின்னால் கை தட்டினார்கள். அவளுக்குத் தலை சுற்றியது. யாரோ தண்ணீர் கொடுத்து, வெற்றியில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதன் பிறகு அந்தக் கடை திறக்கவில்லை.

தம்பியைப் பார்க்க அடுத்த வீட்டுக்காரியிடம் போய் அவளுடைய போனைக் கேட்டாள். அவளும் நல்லவள்தான். “தந்துடுவேன்க்கா. ஆனா ஒரு வீட்டு இணையத்தை இன்னொரு வீட்டுக்குக் குடுத்தா அது உதவியாம். உதவி செஞ்சா ஒருத்தர் மேல ஒருத்தர் கீழன்னு ஆயிடுமாம். ஒத்துழைப்புன்னா பரவாயில்லையாம். ஒத்துழைப்புக்கு நாம ரெண்டு பேரும் சபையில போய்ச் சொல்லணுமாம். எனக்கு அந்த வட்டத்துல போய் உக்கார தைரியம் இல்லக்கா.” கதவைச் சாத்தும்போது அவள் கண் மேட்டு வீட்டு மாடியில் மினுக்கிய பெரிய பெட்டியின் மேல் போய்த் திரும்பியது. அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊரின் மறுகோடியில் இன்னொரு கடை இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனாள். போய்ச் சேர்ந்தபோது நர்ஸின் வேலை நேரம் முடிந்து, இல்லத்தில் போனை எடுக்க ஆளில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தாள். காலையில் அவனுக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்திருந்தார்கள். தூங்கும் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வாங்கிய ஆர்டர்கள் தைக்காமல் குவிந்தன, பஸ்ஸுக்கும் கடைக்கும் கொடுக்கக் காசும் தீர்ந்தது. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து கத்திவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலை நர்ஸ் போன் செய்தபோது அவள் குரலே சரியில்லை. “குதிகால் ஆறிடுச்சுக்கா. இப்போ வேற எங்கேயோ. காய்ச்சல் அடிக்குது. டாக்டர் வயித்தைப் பார்த்தாரு, நெஞ்சைப் பார்த்தாரு. உங்க தம்பி எதையோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. நேத்துலேர்ந்து சொல்றதையும் நிறுத்திட்டாரு.”

“நிறுத்திட்டானா?”

“எங்களைப் பார்த்தா கண்ணை மூடிக்கறாருக்கா.”

மெத்தைக்காரம்மா போனை வைத்தாள். நேராக அலுவலகத்துக்குப் போனாள். உறை பிரிக்காத பெட்டி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி யாரிடமும் தனியாக இருக்கக் கூடாது என்பதால் மூன்று பூட்டுகள் போட்டு மூன்று பேரிடம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் வெளியூர் போயிருந்தார். குழுவின் ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டாள். குழுவுக்குப் பெயர் வைப்பதில் கருத்து வேறுபாடு இருப்பதாக ஒருங்கிணைப்பாளர் சொன்னார். “அவசரம் புரியுதுக்கா. ஆனா அவசரம்கறதே கம்பெனி கண்டுபிடிச்சதுதான். அவங்கதான் நமக்கு எல்லாம் உடனே வேணும்னு கத்துக்குடுத்தாங்க. நாங்க நிதானத்தைக் கத்துக்கறோம்.”

அவள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் நின்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் பிளக், அதிலிருந்து ஜன்னல் வழியாக மாடிக்கு ஏறும் கறுப்பு ஒயர். தினமும் பார்ப்பதுதான். அவள் யோசித்து எதுவும் செய்யவில்லை. குழம்பு பொங்கினால் அடுப்பை அணைப்பதுபோலக் கையை நீட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கீழ்த்தெருவில் ஒரு கதவு திறந்தது. இன்னொன்று திறந்தது. யாரோ யாரையோ “உங்க வீட்ல வருதா?” என்று கேட்டார்கள். அவள் ஒரு பாதித் தைத்த மெத்தையை இழுத்துவந்து பிளக்குக்கு முன்னால் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

டீ போடும் நேரத்துக்குள் பேட்டையே அவள் படிக்கட்டில் நின்றது. பல் டாக்டர் மூச்சு வாங்க ஏறிவந்து, “என்ன பழுது? எங்க பழுது?” என்றார். பேராசிரியர் ரயில் பாதைப் பக்கக் கடையும் மூடிக் கிடப்பதால் ரொம்பக் கலங்கியிருந்தார். “முதல்ல விஷயம் தெரிஞ்சவன் யாரையாவது கூப்பிடுங்கய்யா,” என்றார்.

“ஸ்பேனர், நீ மேல போ,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“நான் தொடலாமா? இந்த மாசம் பூக்கடைக்காரர்…”

“போடான்னா போ.”

ஸ்பேனர் போகவில்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். “மேல ஒண்ணும் இல்லைங்க. பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க. சொருகினா வந்துடும்.”

எல்லோரும் மெத்தையைப் பார்த்தார்கள். அதன் மேல் அவள். அவள் கையில் மெத்தை தைக்கும் ஊசி, ஒரு சாண் நீளம்.

“சின்னப் பெட்டி வந்தா சொருகறேன்,” என்றாள்.

“அக்கா, இது வன்முறை,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“இருக்கும்பா.”

அதன் பிறகு நடந்தவை எந்தச் சபையிலும் பேசப்படாதவை. யாரும் வட்டமாக உட்காரவில்லை. மூன்றாவது சாவி வெளியூரில் இருந்ததால் அலமாரிக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். பெட்டியைச் செய்த தொழிலாளியின் கூலியை யாரும் விசாரிக்கவில்லை. ஸ்பேனர் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தான். அவள் போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் மாட்டிவிட்டு இறங்கிவந்தான். அவள் பிளக்கைச் சொருகினாள்.

யாரும் கிளம்பவில்லை. தங்கள் இணையம் வந்துவிட்டதா என்று போனைப் பார்த்துக்கொண்டவர்கள், வந்துவிட்டது என்றதும், அக்காவின் சந்தோஷத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று அறைக்குள் வந்து அவள் பின்னால் நின்றார்கள்.

திரையில் முதலில் நர்ஸ் வந்தாள். பிறகு தம்பி. படம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. ஒட்டிப்போன கன்னமும் வெடித்த உதடும் நன்றாகத் தெரிந்தன. அவன் கண்ணை மூடியிருந்தான். “டேய்,” என்றாள். கண் திறந்தது. அவளைப் பார்த்தது. பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்ற அத்தனை தலைகளையும் பார்த்தது. உதடு மெல்ல அசைந்தது.

எதுக்குடி இவ்வளவு கூட்டம்? நான் செத்துட்டேனா?

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“என்னக்கா சொல்றார்?” என்றார் ஒருங்கிணைப்பாளர் ஆவலாக.

“எல்லாரையும் வெளிய போகச் சொல்றான்.”

கூட்டம் நெகிழ்ந்து, மெதுவாகக் கைதட்டிக்கொண்டே படியிறங்கியது.

தனியானதும் தம்பி சொன்னான். முதுகுக்குக் கீழே, இடுப்பு எலும்பு முடியும் இடத்தில். அதைத்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றான். நர்ஸ் இன்னொருத்தியைக் கூப்பிட்டு அவனை ஒருக்களித்துத் திருப்பினாள். போனை மேசையில் வைத்துவிட்டார்கள், மெத்தைக்காரம்மாவுக்கு விட்டத்தில் ஓடிய மின்விசிறி மட்டும் தெரிந்தது. நர்ஸ் பேசுவது நின்றுபோனது. பிறகு நர்ஸின் முகம் மறுபடி வந்தது. அவள் உதடு அசையவே இல்லை, ஆனால் மெத்தைக்காரம்மா படித்துவிட்டாள்.

புண் எலும்புவரை போயிருந்தது. ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது என்றார் டாக்டர். முன்பே தெரிந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். அதன் பிறகு சில நாள் அக்காவும் தம்பியும் சாயங்காலம் மட்டுமில்லாமல் எந்நேரமும் பேசினார்கள். அவள் தைத்துக்கொண்டே திரையைப் பார்ப்பாள். லிஃப்ட்காரர் வேலையிலிருந்து வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மச்சானின் உதட்டைப் படிக்க அவருக்குத் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் மத்தியானம், அவள் நூல் கோக்கக் குனிந்து நிமிர்வதற்குள், தம்பி போய்விட்டான்.

நம் வலை துக்கத்தில் பங்குகொண்டது. ஒருங்கிணைப்பாளர், பேராசிரியர், பல் டாக்டர், செவிமடுப்பாளர் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி போதாமல் மெத்தைகள் மேல் உட்கார்ந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் குரலைத் தணித்துப் பேசினார். “இந்த அனுபவத்திலேர்ந்து இயக்கம் நிறையக் கத்துக்கிட்டதுக்கா. இனிமே பாலமா இருக்கற வீட்டுல பெட்டி ஓய்வெடுத்தா, சபைக்குக் காத்திருக்காம ஒரே வாரத்துல ஒரு முன்குழு கூடும். விதியே கொண்டுவந்துட்டோம். கம்பெனியா இருந்தா இதைச் செஞ்சிருப்பாங்களா?”

“செஞ்சிருக்க மாட்டாங்க,” என்றார் பேராசிரியர்.

“அந்த விதிக்கு உங்க தம்பி பேரை வைக்கறதா ஒருமனதா முடிவு பண்ணியிருக்கோம். யாரும் தடுக்கலை.” ஒருங்கிணைப்பாளர் போனை எடுத்து விரலைத் தயாராக வைத்துக்கொண்டார். “அவர் பேர் என்னக்கா?”

மெத்தைக்காரம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். இத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை என்பது அவளுக்கே இப்போதுதான் உறைத்தது.

“சொல்லமாட்டேன்,” என்றாள்.

“அக்கா?”

“மாடியைக் குடுத்தேன். கரண்டு குடுத்தேன். ஊர்வலத்துல முன்னாடி நின்னேன். இது எங்க வீட்டுது.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செவிமடுப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் நின்றிருந்த லிஃப்ட்காரர், லிஃப்டில் நிற்பவர்களுக்கு வழிவிடுவதுபோல, கதவை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டார். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அந்த விதி இன்னும் அமலில்தான் இருக்கிறது. சபையில் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார்கள். ‘பெயர்: கலந்தாலோசனையில் உள்ளது’ என்று எழுதியிருக்கும்.